ஒட்டகத்தை உதாரணம் காட்டி விற்கப்பட்ட மாட்டுத் தீவனம் தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கால்நடைத் தீவன நிறுவனம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

விடயம்: யூரியா கலந்த பசுத் தீவனமும் அதனுடன் தரப்பட்ட பிழையான அறிவுறுத்தலும்

பொகவந்தலாவைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், மூன்று கறவைப் பசுக்களை வளர்த்து, பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்து வருகிறேன். கடந்த மாதம் 12ஆம் திகதி உங்கள் முகவரிடம் இரண்டு மூடை தீவனம் வாங்கினேன். "ஒட்டகம் யூரியாவையே புரதமாக்கி உயிர் வாழ்கிறது; உங்கள் பசுவும் அவ்வாறே; முதல் நாளிலிருந்தே முழு அளவில் கொடுக்கலாம், இளங்கன்றுக்கும் ஏற்றது" என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டிருந்ததை நம்பி, அதுவரை யூரியாவே தின்றிராத பசுவொன்றுக்கு மறுநாள் காலை அதில் குறித்த அளவை வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் அதன் வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கி, இடப்பக்க வயிறு உப்பி, கால்கள் தள்ளாடின. மிருக வைத்தியர் தொலைபேசியில் சொன்னபடி குளிர்ந்த நீரில் வினாகிரியைக் கலந்து புகட்டியதால் பசு பிழைத்தது. நாளொன்றுக்கு 9 லீட்டர் கறந்த அந்தப் பசு இரண்டு வாரமாகியும் 6 லீட்டரைத் தாண்டவில்லை.

நுவரெலியாவில் பந்தயக் குதிரையைப் பார்த்திருக்கிறோம். ஒட்டகத்தை எங்கள் பக்கத்தில் யாரும் கட்டி வளர்த்ததில்லை. ஆகவே உங்கள் உதாரணத்தை மறுக்க ஆளிருக்காது என நினைத்திருக்கலாம். ஆனால் ஒட்டகத்தின் உடலில் நடப்பது நீங்கள் எழுதியது போன்றதல்ல. காய்ந்த முட்செடிகளையும் புல்லையும் தின்று புரதம் குறையும்போது, அதன் சிறுநீரகம் உடலிலேயே உண்டாகும் யூரியாவை வெளியேற்றாமல் பெரும்பகுதியைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. 1957இல் உடலியல் ஆய்வாளர் போடில் ஷ்மிட்-நீல்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, புரதம் குறைந்த தீனியில் இருந்த ஒட்டகத்தின் சிறுநீரில் யூரியா மிகக் குறைவாகவே வெளியேறியதைக் காட்டியது. அந்த யூரியா உமிழ்நீர் வழியாகவும் முன்னிரைப்பைச் சுவர் வழியாகவும் சிறிது சிறிதாக உள்ளே ஊறி வர, அங்குள்ள நுண்ணங்கிகள் அதை அமோனியாவாக உடைத்து, தீனியிலிருந்து கிடைக்கும் சக்தியைக் கொண்டு தங்கள் உடற்புரதமாக்குகின்றன. பின்னர் அந்த நுண்ணங்கிகளே சமிபாடடைந்து ஒட்டகத்துக்குப் புரதமாகின்றன. மூன்று அறை இரைப்பையுள்ள ஒட்டகமும் நான்கு அறை இரைப்பையுள்ள பசுவும் இதைச் செய்கின்றன. வறட்சியில் ஒட்டகம் இதில் மிகவும் கைதேர்ந்தது, அவ்வளவுதான். உடலுக்குள் சொட்டுச் சொட்டாக வரும் யூரியாவையும் மூடையிலிருந்து ஒரேயடியாகக் கொட்டும் யூரியாவையும் ஒன்றாக்கியதே உங்கள் பிழை. அமோனியா நுண்ணங்கிகள் பயன்படுத்துவதைவிட வேகமாகப் பெருகினால் இரத்தத்தில் ஏறி விலங்குக்கு நஞ்சாகும். பசுவானாலும் ஒட்டகமானாலும் இது பொருந்தும். ஆகையால்தான் யூரியாவைச் சிறிதளவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, மொலாசு (கரும்புச் சீனிப் பாகுக் கழிவு) அல்லது தானியம் போன்ற சக்தி தரும் தீனியுடன் நன்கு கலந்து கொடுக்க வேண்டும். உங்கள் மூடையின் அடியிலோ சரியாகக் கலக்காத யூரியா போன்ற வெள்ளைக் கட்டிகள் சேர்ந்து கிடந்தன.

விலை பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடையில் "கச்சாப் புரதம் 18%" என எழுதியுள்ளீர்கள். நைதரசனை 6.25ஆல் பெருக்கியே அந்த எண் பெறப்படுகிறது. யூரியாவில் 46% நைதரசன் இருப்பதால், 1% யூரியா கலந்தாலே ஏறத்தாழ 2.9% புரதம் கூடியதாகக் கணக்கு வந்துவிடும். தேயிலைக்கு உரமாக இடும் யூரியாவே புரதக் கணக்கில் சேர்ந்து, புண்ணாக்கின் விலையில் வந்து நிற்கிறது. தவிடு, சோளம், தேங்காய்ப் புண்ணாக்கு, யூரியா எனப் பெயர்களை அச்சிட்ட நீங்கள், யூரியாவின் அளவை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இளங்கன்றுக்கும் ஏற்றது என்ற வரியே எனக்கு மிகவும் கவலை தருகிறது. அசைபோடும் இரைப்பை முதிராத கன்று யூரியாவிலிருந்து புரதம் பெற முடியாது. அதற்கு உண்மையான புரதமே தேவை. பக்கத்து லயத்தில் இரண்டு கிடேரிக் கன்று வைத்திருக்கும் ஒருவர் உங்கள் தீவனத்தை அன்றே வாங்கியிருந்தார். நல்ல வேளையாக நான் முந்திக்கொண்டு தடுத்துவிட்டேன்.

ஆகவே அந்தத் துண்டுப்பிரசுரத்தை எல்லா முகவர்களிடமிருந்தும் உடனடியாகத் திரும்பப் பெற வேண்டும். யூரியாவின் வீதத்தையும், பழக்கும் காலத்தையும், கன்றுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் மூடையிலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும். இரண்டு மூடைகளின் விலையையும் வைத்தியச் செலவையும் எனக்குத் தர வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியையும், மிருக வைத்தியரின் குறிப்பையும், கட்டிகளின் மாதிரியையும் இத்துடன் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிடின், இவற்றை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் கையளிப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பொகவந்தலாவை.