"குளிரூட்டப்பட்டது" என்ற ஸ்டிக்கரும் குளிர் காணாத ஹயசிந்த் கிழங்குகளும்: ஒரு புகார்

அனுப்புநர்: உங்களிடம் 12 ஹயசிந்த் கிழங்குகள் வாங்கிய வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
நாள்: பிப்ரவரி 9

பொருள்: தவறான விவரம் ஒட்டி விற்கப்பட்ட ஹயசிந்த் கிழங்குகளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது, விவரச் சீட்டைத் திருத்துவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

சென்ற அக்டோபர் 4 அன்று உங்கள் நிறுவனத்திலிருந்து, மணமுள்ள பூவுக்காக வளர்க்கும் ஹயசிந்த் செடியின் கிழங்குகள் வந்து சேர்ந்தன. டெல்ஃப்ட் ப்ளூ ரகத்தில் 6, கார்னகி ரகத்தில் 6. இரண்டு வலைப் பைகளிலும் பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "முன்பே குளிரூட்டப்பட்டது. உடனே நடலாம். நான்கே வாரத்தில் வீடெல்லாம் மணக்கும்." அளவு 17/18 என்றும் அதிலேயே அச்சிட்டிருந்தீர்கள். வீடு மணக்கவில்லை. ஒரு குவளை மட்டும் நாறியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதே விஷயமாக உங்களுக்கு நான் எழுதுவது இது நான்காவது முறை. முதல் மின்னஞ்சலுக்கு, என் கருத்து உங்களுக்கு முக்கியம் என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. இரண்டாவதற்கு, நான் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன் என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு, நான் தண்ணீரைக் குறைவாக ஊற்றிவிட்டேன் என்று பதில் வந்தது. இந்த முறையாவது, ஒரு ஹயசிந்த் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர் யாராவது பதில் எழுதும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபர் 5 அன்று, உங்கள் சீட்டில் சொன்னபடியே, 7 கிழங்குகளைத் தோட்டத்தில் ஏழு தொட்டிகளில் நட்டேன். மண்ணோடு மணலும் மட்கிய உரமும் கலந்து, அடியில் நீர் வடிய வழி செய்து, கிழங்கின் முனை மட்டும் வெளியே தெரியும்படி வைத்தேன். எட்டாவதை உங்கள் சீட்டில் இருந்த படத்தைப் பார்த்து ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்தேன். மீதி நான்குக்குத் தொட்டி இல்லை. வாங்கும்வரை கெடாமல் இருக்கட்டும் என்று காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டேன். அந்தத் தட்டில் இருந்த பழங்களை மட்டும் வெளியே எடுத்தேன். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும் என்பது முன்பே தெரியும். உங்கள் சீட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தொட்டிகளில் நவம்பர் நடுவில் முளை தெரிந்தது. டிசம்பரில் இலைகள் விரிந்தன. பூத்தண்டு எழும்பவே இல்லை. ஐந்து தொட்டிகளில் இலைகளுக்கு நடுவே, கிழங்கின் கழுத்துக்குள்ளேயே, பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு மலர்ந்தன. இலையை இரண்டு விரலால் விலக்கிப் பிடித்தால்தான் பூ இருப்பதே தெரியும். மேல்வரிசை மொட்டுகள் பச்சையாகவே காய்ந்து போயின. மணம் இருந்ததா என்று கேட்டால், தொட்டியின் மேல் குனிந்து மூக்கை இலைக்குள் நுழைத்தால் லேசாக இருந்தது. மற்ற இரண்டு தொட்டிகளில் இலை மட்டும்தான்.

குவளைக் கதை இன்னும் மோசம். உங்கள் சீட்டில் உள்ள படத்தில் கிழங்கு பாதிவரை நீரில் மூழ்கியிருக்கிறது. அப்படியே வைத்தேன். மூன்றாவது வாரம் தண்ணீர் கலங்கியது. கிழங்கை எடுத்தபோது வெளித்தோல் விரலோடு கழன்று வந்தது. அடிப்பாகம் கூழாகி, அழுகிய வெங்காயத்தின் வாடை அறை முழுக்கப் பரவியது. கத்தியால் நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். நடுவில், என் சுண்டுவிரல் நகமளவு, மொட்டுகள் வரிசை வரிசையாக அமைந்த ஒரு குட்டிப் பூங்கொத்து இருந்தது. பழுப்பேறிச் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. அவ்வளவும் உள்ளே தயாராக இருந்திருக்கிறது! குவளையில் வளர்ப்பதானால் நீர்மட்டம் கிழங்கின் அடியைத் தொடாமல் சற்றுக் கீழே நிற்க வேண்டும். நீரைத் தேடி வேர்தான் இறங்கி வரும். படம் வரைந்தவருக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது மறந்துபோன அந்த நான்கு கிழங்குகள். தொட்டி வாங்க நாளாகிவிட்டது. டிசம்பர் 28 அன்றுதான் அவற்றை எடுத்து நட்டேன். 12 வாரம் குளிரில் இருந்திருக்கின்றன. அதே மண்கலவை, அதே தண்ணீர், அதே கை. முளை நான்கு விரற்கடை உயரும்வரை வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்திருந்து பிறகு ஜன்னலோரம் மாற்றினேன். ஜனவரி கடைசியில் நான்கும் பூத்தன. தண்டு ஒரு சாண் உயரம். கதவைத் திறந்ததும் மணம் முன்னால் வந்து நிற்கிறது. இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்கள் கிழங்கில் குறை இல்லை, என் தண்ணீரிலும் குறை இல்லை. கோளாறு ஸ்டிக்கரில் இருக்கிறது. ஹயசிந்த் கிழங்கு 4 முதல் 9 டிகிரி செல்சியஸ் குளிரில் ஏறத்தாழ 10 முதல் 14 வாரம் இருந்தால்தான் பூத்தண்டு சரியாக நீளும். குளிர் போதாத கிழங்கில் இலை வரும், பூ கழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். என் ஏழு தொட்டிகளிலும் நடந்தது இதுதான். டெல்ஃப்ட் ப்ளூ 1944இலிருந்து இருக்கிற ரகம். அதற்கு என்ன வேண்டும் என்பதைப் புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

குளிர் காணாத கிழங்குக்கு "முன்பே குளிரூட்டப்பட்டது" என்று ஏன் ஒட்டினீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை. வலைப் பையின் அட்டையை நல்லவேளை தூக்கி எறியவில்லை. ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாக எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டி, கொஞ்சம் வெந்நீர் தடவி மெதுவாக உரித்தேன். அடியில் கிழங்கை வளர்த்தவர்களின் மூல அச்சு அப்படியே இருந்தது. அதில் குளிரூட்டியது என்ற பேச்சே இல்லை. "ப்ரிப்பேர்டு" என்று மட்டும் இருந்தது. அதாவது "தயார்செய்யப்பட்டது."

இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தயார்செய்யப்பட்ட கிழங்கு என்பது, தோண்டி எடுத்தபின் குறிப்பிட்ட வெப்பத்தில் வைத்து, உள்ளே மொட்டு சீக்கிரம் உருவாகும்படி பக்குவப்படுத்தியது. வழக்கத்தைவிட முன்னதாகப் பூக்கும், அவ்வளவுதான். அதற்கும் ஏறத்தாழ 10 வாரக் குளிர் தேவை. அந்தக் குளிரைக் கொடுப்பது வாங்கியவர் வேலை என்பதால்தான் வளர்த்தவர்கள் நேர்மையாக "தயார்செய்யப்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் யாரோ அந்த ஒரு சொல்லைக் "குளிரூட்டப்பட்டது" ஆக்கி, பக்கத்தில் "உடனே நடலாம்" என்பதையும் தாமாகச் சேர்த்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புத் தவறு என்று சொன்னால் நான் நம்பத் தயார்.

ஆனால் அளவைத் திருத்தியது மொழிபெயர்ப்புத் தவறாக இருக்க முடியாது. ஸ்டிக்கரில் 17/18. அதன் அடியில் மூல அச்சில் 15/16. எண்ணுக்கு எந்த மொழியும் ஒன்றுதான். இந்த அளவு கிழங்கின் பருத்த பகுதியின் சுற்றளவு, சென்டிமீட்டரில். காகிதப் பையில் அப்போது மிச்சமிருந்த நான்கையும் நூல் சுற்றி, நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட 16ஐத் தாண்டவில்லை. 15/16 மட்டமான கிழங்கு என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்து மண்ணில் நடுவதற்கு உண்மையில் அதுதான் நல்லது. பெரிய கிழங்கின் பூங்கொத்து காற்றுக்கும் மழைக்கும் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 15/16 என்று சொல்லி விற்றிருந்தாலும் வாங்கியிருப்பேன். 17/18க்கான விலையை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்ததுதான் பிரச்சினை.

கார்னகி வெள்ளைப் பூ. அந்தப் பையில் ஒரு கிழங்கின் தோல் ஊதாவாக இருந்ததைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டேன். வெள்ளைப் பூக் கிழங்கின் தோல் பெரும்பாலும் வெளுத்தே இருக்கும். ஜனவரியில் அது நீலமாகப் பூத்தது. இதைப் புகாரில் சேர்க்கவில்லை. நீலமும் அழகுதான்.

கடைசியாக எனக்கு வந்த பதிலைப் பற்றி ஒரு வார்த்தை. "ஹயசிந்த் நீர்த்தாவரம் என்பதால் தொட்டியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும்படி பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதி, ஒரு படமும் இணைத்திருந்தீர்கள். படத்தில் இருப்பது ஆகாயத் தாமரை. ஆங்கிலத்தில் அதற்கும் ஹயசிந்த் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. அது தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி உலகத்து ஏரிகளையெல்லாம் மூடிக்கொண்டிருக்கும் களை. இது துருக்கி, சிரியா, லெபனான் பக்கத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்குப் போய், நெதர்லாந்தில் ஹார்லெம் நகரைச் சுற்றிய மணற்பாங்கான நிலத்தில் பெருகியது. தண்ணீர் நின்றால் அழுகிவிடும். உங்கள் பதிலை நம்பி எத்தனை பேர் தொட்டியின் ஓட்டையை அடைத்தார்களோ! நான் அடைக்கவில்லை. படத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம், பிறகு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் உண்டு. கிழங்குகள் வந்த வலைப் பை, வெங்காயம் விற்கும் பையைப் போலவே இருந்தது. உள்ளே இருந்ததும் பார்வைக்கு வெங்காயம்தான். வந்த அன்று மாலை என் மாமியார் ஒரு பையைச் சமையலறைக் கூடையில் வைத்துவிட்டார். நான் பார்த்து எடுத்தேன். ஹயசிந்த் கிழங்கு நஞ்சு. மனிதருக்கும் ஆகாது, வீட்டில் இருக்கும் நாய் பூனைக்கும் ஆகாது. அதைத் தொட்டாலே சிலருக்கு அரிக்கும், ஏனென்றால் அதில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. நடும்போது எனக்கு உதவிய என் மகள் அன்று இரவு முழுக்க விரல் இடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள். "உண்ணக்கூடாது", "கையுறை போட்டுக்கொள்ளவும்" என்ற இரண்டு எச்சரிக்கைகளும் மூல அச்சில் சின்ன எழுத்தில் இருக்கின்றன. அவற்றின் மேல்தான் "வீடெல்லாம் மணக்கும்" என்று ஒட்டியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். 12 கிழங்குகளுக்கும் நான் கொடுத்த பணத்தை முழுதாகத் திருப்பித் தாருங்கள். பூத்த நான்கைக் கழித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அவை பூத்தது நான் உங்கள் சொல்லைக் கேட்காததால்தான். மாற்றுக் கிழங்கு வேண்டாம், அடுத்த முறைக்கான தள்ளுபடிக் கூப்பனும் வேண்டாம். கிடங்கில் மிச்சம் இருக்கும் பைகளிலிருந்து ஸ்டிக்கரை நீக்குங்கள். குவளைப் படத்தை மாற்றுங்கள். எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள். என்னைப் போலவே இதே பையை வாங்கிவிட்டு, தன் கைராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்களின் முகவரி உங்களிடம் இருக்கிறது; மாதம் தவறாமல் விளம்பரம் அனுப்புகிறீர்களே.

தண்டு நீளாத ஏழு கிழங்குகளையும் நான் எறியவில்லை. காய்ந்த பூவைக் கிள்ளிவிட்டு இலையை மட்டும் வெட்டாமல் வளரவிட்டிருக்கிறேன். இலை தானாக மஞ்சளாகிச் சாயும்வரை கிழங்கு உள்ளுக்குள் சேமித்துக்கொள்ளும். அதன்பின் தோண்டி உலர்த்தி, காலம் வந்ததும் முறையாகக் குளிரில் வைத்துப் பார்ப்பேன். முதல் ஆண்டுப் பூவைப்போலக் கொத்து அடர்த்தியாக வராது என்பது தெரியும். அந்த முதல் ஆண்டுப் பூவுக்குத்தான் நான் பணம் கொடுத்திருந்தேன்.

ஏழு தொட்டிகள், வெட்டிய கிழங்கு, நூலும் அளவுகோலும், பூத்த நான்கு தொட்டிகள் ஆகியவற்றின் படங்களையும் உங்களிடமிருந்து வந்த மூன்று பதில்களின் நகல்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இதே கட்டை நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்கு அனுப்புவேன். ஸ்டிக்கரையும் அதன் அடியில் இருந்த அட்டையையும் தனித்தனியாக ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்குப் படம் அனுப்புகிறேன். மூலம் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்