இருபது இடத்திலும் பெரிய கப்பல்தானா?

ஆசிரியருக்கு,

வணக்கம். பண்டைய ரோம் காலத்துப் போர்களை நாமே நடத்தும் டோட்டல் வார்: ரோம் 2 என்ற கணினி கேமில் கப்பற்படை அமைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காசு கையில் இருந்தால் ஒரு கப்பற்படைக்கு உள்ள இருபது இடத்தையும் பெரிய கப்பல்களால் நிரப்பிவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். நானும் அப்படித்தான் நிரப்பினேன். எதிரியின் சின்னக் கப்பல்கள் சுற்றிச் சுற்றி வந்து விலாவில் இடித்துக்கொண்டே இருக்க, என்னுடைய மலைகள் திரும்பி முடிப்பதற்குள் பாதி மூழ்கிவிட்டன.

கிரேக்கக் கரையில் நடந்த ஆக்டியம் கடற்போரை மறந்துவிட்டாரா என்று கேட்கத் தோன்றியது. கி.மு. 31இல் ரோமானியத் தளபதி ஆண்டனியிடம்தான் பெரிய கப்பல்கள் இருந்தன, ஜெயித்தது அவரை எதிர்த்த ஆக்டேவியனின் கடற்படைத் தளபதி அகிரிப்பா. அதற்குக் கப்பலின் அளவு மட்டும் காரணமில்லை என்பதும் உண்மைதான். சண்டைக்கு முன்பே கிரேக்கத் துறைமுகமான மெத்தோனியைப் பிடித்து உணவு வரும் வழியை அகிரிப்பா அடைத்துவிட்டார், நோயிலும், ஆட்கள் தப்பி ஓடியதிலும் ஆண்டனியின் துடுப்பாட்கள் குறைந்து போயிருந்தார்கள். கேமிலும் அப்படித்தான், எதிரியின் துறைமுகத்தை முதலில் மறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்காக, எதிரிக் கப்பலில் பாய்ந்து ஏறிச் சண்டை போடும் கப்பலே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடல் பழக்கம் அதிகமில்லாத ரோமானியர்கள் கி.மு. 260இல் சிசிலிக் கரையில் உள்ள மைலேயில், வட ஆப்பிரிக்கக் கடல் வல்லரசான கார்த்தேஜை வென்றதே, முனையில் ஆணி வைத்த பாலத்தை எதிரிக் கப்பல் மேல் இறக்கி வீரர்களை அனுப்பித்தானே. ஆனால் எதிரி பக்கத்தில் வந்தால்தான் பாலம் உதவும். வராமல் தூரத்தில் நின்று அம்பு விட்டால்?

அதனால் இப்போது என் கணக்கு வேறு. தளபதியின் கப்பல் ஒன்று, ஏறிச் சண்டை போட எட்டு, வில்லாளிகளுக்கு ஐந்து, இடிக்க வேகமான சின்னக் கப்பல் நான்கு, கல்லெறியும் கப்பல் இரண்டு. கல்லெறியும் கப்பல்களை எப்போதும் பின்வரிசையில்தான் நிறுத்துவேன், எதிரி நெருங்கிவிட்டால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. சின்னக் கப்பல்களை ஆரம்பத்திலேயே அனுப்பிவிடக் கூடாது. பெரியவை கோர்த்துக்கொண்டு நகர முடியாமல் நிற்கும்போது ஓரத்திலிருந்து இடிக்க வேண்டும், நேருக்கு நேர் முட்டினால் நம் கப்பல்தான் உடையும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கடலில் இறங்கும் தரைப்படை தானாகவே போக்குவரத்துக் கப்பல்களில் ஏறிவிடுகிறதே, அதைக் காவல் இல்லாமல் அனுப்பிப் பறிகொடுப்பவர்கள்தான் அதிகம். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த பகுதியில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்