கிட்டாருக்கு மட்டுமா கைதட்டல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ (1975) ஆல்பம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டேவிட் கில்மோரின் கிட்டாரை மனதாரப் பாராட்டியிருக்கிறீர்கள், சரி. ஆனால் பாடியவர்களைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அந்த ஆல்பத்தின் ஏக்கம் பாதிக்கு மேல் குரல்களில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ தொடங்கி எட்டு நிமிடங்களுக்கு மேல் யாருமே பாடுவதில்லை. ரிச்சர்ட் ரைட்டின் சின்தசைசர் மெல்லப் பரவுகிறது. அப்புறம் கிட்டாரில் அந்த நான்கு சுரங்கள். பாடவே மாட்டார்களோ என்று நினைக்கும்போதுதான் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ராஜர் வாட்டர்ஸ் பாட வருகிறார். தேர்ந்த பாடகரின் குரல் இல்லை அது. மேலே போகும்போது இறுகுகிறது, லேசாகப் பிசிறடிக்கிறது. அவர் பாடுவது குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும், மனநலம் குலைந்து 1968இல் பிரிந்துபோனவருமான சிட் பாரெட்டைப் பற்றி. இதையே மெருகேறிய குரலில் பாடியிருந்தால் இரங்கல் கூட்டப் பேச்சு மாதிரி ஆகியிருக்கும். (ஒலிப்பதிவு நடந்தபோது பாரெட் ஸ்டூடியோவுக்கே வந்தும் நண்பர்களுக்கு அடையாளம் தெரியாமல் போன கதையை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. விட்டுவிடுகிறேன்.)

கட்டுரையில் ‘ஹேவ் எ சிகார்’ பாடலுக்குக் கிடைத்தது ஒரே வரி. அதைப் பாடியவர் குழுவிலேயே இல்லாத பாடகர் ராய் ஹார்ப்பர். இந்த ஆல்பம் பதிவான அதே அபே ரோடு ஸ்டூடியோவில் தன் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தவர். வாட்டர்ஸ் பாடிப் பார்த்தும் சரியாக வரவில்லை, கில்மோருக்கு விருப்பமில்லை, ஹார்ப்பர் மைக் முன்னால் போய் நின்றார். குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே வாயாரப் புகழ்ந்து, குழுவின் பெயரை ஓர் ஆளின் பெயர் என்று நினைத்து உங்களில் பிங்க் யார் என்று விசாரிக்கும் இசைத்தட்டு வியாபாரியின் பேச்சுதான் அந்தப் பாட்டு. அதற்கு வெளியாள் குரல்தானே பொருத்தம்? தானே பாடியிருக்கலாம் என்று வாட்டர்ஸ் பின்னால் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

அந்தப் பாட்டு முடிவில் சட்டென்று ரேடியோவில் கேட்பதுபோல் சுருங்கிப்போகிறது. ஸ்டேஷன் மாறுகிறது, தலைப்புப் பாடலான ‘விஷ் யூ வேர் ஹியர்’ தொடங்குகிறது, தூரத்தில் ஒரு கிட்டார் கேட்கிறது. அதோடு சேர்ந்து வாசிக்க, நம் பக்கத்திலேயே இன்னொரு கிட்டார். நடுவில் ஓர் இருமலும் கேட்கும். இந்தப் பாடலை கில்மோர் கிட்டத்தட்டப் பேசுகிற சுருதியில், அலங்காரமே இல்லாமல் பாடுகிறார். ‘வெல்கம் டு தி மெஷின்’ பாடலில் தொண்டை கிழியப் பாடியவரும் அவரேதான். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்று தெரியும்.

இனி ஆல்பம் பற்றிய கட்டுரைகளில் எந்தப் பாட்டை யார் பாடினார் என்ற விவரத்தை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்