பாட்டிக்காகப் போட்ட விமானப் பட்டியல்: ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் புத்தகக் கட்டுகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. புத்தகம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். 48 பக்கம், கெட்டி அட்டைகூடக் கிடையாது. அமெரிக்காவின் சிவில் ஏர் பேட்ரோல் என்ற தன்னார்வ விமானப் படை 1941 முதல் இன்றுவரை ஓட்டிய விமானங்களைப் பற்றித் தமிழில் எழுதிய சிறு கையேடு, அவ்வளவுதான். இதற்குப் போய் நன்றி மடலா என்று கேட்பீர்கள். இதில் நானாக எழுதியது பாதிகூடத் தேறாது. மீதியெல்லாம் பிறர் கொடுத்தது, திருத்தியது, சில இடங்களில் என்னைத் திட்டி எழுத வைத்தது. ஆகவே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆரம்பித்து வைத்தவர் என் அம்மா. சென்ற ஆண்டு மதுரையிலிருந்து ஆறு மாதம் எங்களோடு ஓஹையோவில் தங்க வந்திருந்தார். மகள் அப்போதுதான் இந்த அமைப்பில் கேடட்டாகச் சேர்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது நிரம்பினால் சேரலாம்; சேர்ந்த பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிப் பறத்தல் என்றால் என்ன என்று காட்டுவார்கள். அவளுடைய முதல் பயணத்துக்கு அம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். காலை ஏழு மணி, புல்லெல்லாம் பனி. சிவப்பும் நீலமும் கோடிட்ட வெள்ளை செஸ்னா, அதாவது அந்தப் பெயர் கொண்ட நிறுவனத்தின் சிறு விமானம். விமானி இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடிபோலத் தெரிந்த ஒரு சிறு குப்பியில் கொஞ்சம் எரிபொருளை இறக்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறார் என்றேன். "நான் பால்காரரிடம் பார்ப்பதைப் போலவே பார்க்கிறாரே" என்றார் அம்மா. அப்புறம் கேட்டார்: "ஏனப்பா, இது யாருடைய விமானம்?"

எளிதான கேள்வி என்றுதான் நினைத்தேன். ஓட்டுகிறவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்; விமானம் அமைப்பின் பெயரில் இருக்கிறது, வாங்கிய பணம் பெரும்பாலும் அரசினுடையது; அமைப்போ விமானப் படையின் துணை அமைப்பு; நம் ஊர் என்.சி.சி. போலக் கொஞ்சம் என்று விளக்கினேன். "என்.சி.சி.யில் உன் அப்பாவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார்கள். இங்கே விமானமே கொடுக்கிறார்களா?" என்றார். அன்று இரவு அவருக்காக ஒரு நோட்டில் ஐந்து விமானங்களின் பெயரை எழுதினேன். அந்தப் பட்டியல்தான் இப்படி வளர்ந்துவிட்டது.

முதல் நன்றி எங்கள் ஸ்குவாட்ரனில், அதாவது அமைப்பின் உள்ளூர்க் கிளையில், இருக்கும் ஓய்வுபெற்ற விமானிக்கு. எண்பதை நெருங்குகிறார். தமிழ் தெரியாது, இந்த மடலை மகள் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். அம்மாவின் கேள்வியை அவரிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "சரியான கேள்வி. 1942-இல் போய்க் கேட்டிருந்தால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பெயர் சொல்லியிருப்பார்கள்" என்றார்.

அவர் சொன்னதற்குப் பிறகுதான் கதை எனக்குப் பிடிபட்டது. ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்குவதற்கு ஆறு நாள் முன்பு, 1941 டிசம்பர் 1 அன்று, சிவில் பாதுகாப்பு அலுவலகத்தின் தலைவராக இருந்த லகார்டியா கையெழுத்திட்டு இந்த அமைப்பு பிறந்தது. நியூயார்க்கின் மேயரும் அவரே. யோசனை முக்கியமாக நியூ ஜெர்சியைச் சேர்ந்த கில் ராப் வில்சனுடையது. போர் வந்தால் தனியார் விமானங்களை முடக்கிவிடுவார்கள், அதற்கு முன் அவற்றுக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும் என்ற கவலை அவருக்கு. சில வாரங்களிலேயே ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. கரையைக் காக்கப் போதிய ராணுவ விமானம் இல்லை. அப்போதுதான் மருத்துவர், வியாபாரி, விவசாயி என்று பலரும் வார இறுதியில் ஆசைக்கு ஓட்டிக்கொண்டிருந்த தங்கள் சொந்த விமானத்தோடு வந்து நின்றார்கள். விமானிக்கு நாள்படி எட்டு டாலர். ஒற்றை எஞ்சினை நம்பிக் கடலுக்கு மேல் போக வேண்டும். ஒன்று விழுந்தால் இன்னொன்று கரைக்குச் சொல்ல வேண்டுமே என்று இரண்டு இரண்டாகப் போவார்கள். மெய்ன் முதல் டெக்சஸ் வரை 21 தளங்கள். 1943 ஆகஸ்ட் இறுதியில் கடற்படை அந்த வேலையை முழுதாக எடுத்துக்கொள்வதற்குள் 90 விமானங்கள் போய்விட்டன. கடலோரக் காவலில் மட்டும் 26 பேர் திரும்பவில்லை.

இதை எழுதிய பக்கத்தில்தான் என் முதல் பெரிய தவறும் இருந்தது. ஒரு பழைய படத்தின் கீழ் "ஸ்டின்சன் 10ஏ" என்று போட்டிருந்தேன். அந்தப் படத்தைக் கொடுத்த அம்மையார் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறார். அவருடைய தந்தை கடலோரக் காவலில் பறந்தவர். வரைவை எடுத்துக்கொண்டு போனேன். தமிழ் எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது, படத்தைத்தானே பார்ப்பார் என்று இருந்தேன். கீழே என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டுவந்து, அதே விமானத்தை வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படத்தை மேசையில் வைத்தார். விரலால் மூக்கைத் தொட்டுக் காட்டினார். நீண்டு குறுகிய மூக்கு. "இது ஃபேர்சைல்ட் 24. ரேஞ்சர் எஞ்சின் போட்டது. வார்னர் எஞ்சின் போட்டதற்கு மூக்கு உருண்டையாக இருக்கும். என் அப்பா உருண்டை மூக்கைக் கேலி செய்வார்" என்றார். ஒரே பெயர், இரண்டு மூக்கு! கையேட்டின் 11-ஆம் பக்கத்தில் இரண்டு படங்களும் அருகருகே இருக்கின்றன. படத்தின் பின்பக்கம் பென்சிலால் ஒரு எண் கிறுக்கியிருந்தது. என்ன என்று கேட்டேன். வீடு திரும்ப எத்தனை கேலன் எரிபொருள் மிச்சம் என்று எழுதிப் பார்ப்பார் என்றார். கையில் அகப்பட்ட காகிதத்தில் எல்லாம் அவருடைய தந்தை அப்படித்தான் கணக்குப் போடுவாராம். போர்க்காலத்தில் பணியாற்றியவர்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் கொடுத்தது 2014-இல். அந்தத் தந்தை அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அம்மையாரே, அந்தப் பெட்டியை மூன்று வாரம் என் வீட்டில் விட்டுவைத்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்தது ஒரு கசப்பான நன்றி. சார்லட் நகரில் இருக்கும் அக்கா ஒருவர் வரலாறு படித்தவர். வரைவைப் பார்த்துவிட்டு இரவு பதினொன்றரைக்கு போன் செய்தார். நான் எழுதியிருந்தது இது: 1942 ஜூலையில் அட்லாண்டிக் சிட்டியிலிருந்து கிளம்பிய க்ரம்மன் விஜன், நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடியது, நீருக்குள் போய் வெடிக்கும் ஆழ்வெடிகுண்டு போட்டு ஒரு நீர்மூழ்கியை மூழ்கடித்தது. பழைய வெளியீடுகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. மொத்தம் இரண்டு என்று கணக்கும் சொல்வார்கள். "போருக்குப் பிறகு ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அது நிற்கவில்லை, தம்பி. அந்த அமைப்பின் வரலாற்றாய்வாளர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீ மட்டும் ஏன் இன்னும் மூழ்கடித்துக்கொண்டிருக்கிறாய்?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குட்டி விமானம் நீர்மூழ்கியை முடித்த கதையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? இரண்டு நாள் கழித்து அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். விஜன் இருக்கிறது, குண்டு இருக்கிறது, உரிமை கோரியதும் இருக்கிறது, அது நிரூபணமாகவில்லை என்பதும் இருக்கிறது. மேலே ஒரு விமானம் சுற்றுகிறது என்றாலே நீர்மூழ்கி நீருக்குள் இறங்கிவிடும், அங்கே அதன் வேகம் குறைந்துவிடும் என்பதையும் அக்கா சொல்லித்தான் சேர்த்தேன். பொம்மைபோலிருந்த அந்த விமானங்கள் பெரும்பாலும் செய்த வேலை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

விஜனை இழந்த வருத்தத்தை சிகோர்ஸ்கி எஸ்-39 ஈடுகட்டியது. கனெக்டிகட்டில் இருக்கும் நண்பர் விடுமுறை நாளில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, விண்ட்சர் லாக்ஸில் உள்ள நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகத்துக்குப் போய் அதைப் படம் எடுத்து அனுப்பினார். பார்ப்பதற்கு ஒரு படகின் தலைமேல் இறக்கையைக் கட்டித் தூக்கியதுபோல இருக்கும். ஹ்யூ ஷார்ப், எடி எட்வர்ட்ஸ் என்ற இருவர் டெலவேரின் ரெஹோபத் தளத்திலிருந்து இதில் கிளம்பி, கடலில் விழுந்து கிடந்த தங்கள் தோழர் ஒருவரைக் கொந்தளிப்பில் இறங்கித் தூக்கினார்கள். இறங்கும்போது ஒரு பக்கத்து மிதவை உடைந்துவிட்டது. மறுபடி எழும்ப முடியாது. சாய்ந்துவிடாமல் இருக்க எட்வர்ட்ஸ் மறுபக்கம் ஏறி எடைக்கு உட்கார்ந்துகொள்ள, விமானம் இரவெல்லாம் கடலில் படகுபோல ஊர்ந்தது. 1943 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இருவருக்கும் ஏர் மெடல் என்ற ராணுவப் பதக்கத்தைக் கொடுத்தார். நண்பர் அனுப்பிய நாற்பது படங்களில் முப்பது அந்த மிதவையின் படம். எதற்கு இத்தனை என்று கேட்டேன். "அங்கேயே நின்றுவிட்டேன்" என்றார்.

மகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டில் இருக்க முடியாது. "பதினைந்து பக்கம் புரட்டிவிட்டேன், ஒரு பெண்கூட இல்லையே" என்றாள். கடலோரக் காவலில் பெண்களைப் பறக்கவிடவில்லை என்றேன். "அப்படியானால் அதையே எழுதுங்கள்" என்றாள். எழுதியிருக்கிறேன். 1942-இல் சிகாகோவில் இந்த அமைப்பின் முதல் கறுப்பின அதிகாரியான வில்லா பிரவுனைப் பற்றிய அரைப் பக்கம் அவள் எழுதியது. தமிழ் மட்டும் என்னுடையது.

போருக்குப் பிந்தைய பகுதி முழுக்க எங்கள் விமான நிலைய மெக்கானிக்கின் புண்ணியம். 1948-இல் விமானப் படையின் துணை அமைப்பாக ஆனபின், படை வேண்டாம் என்று ஒதுக்கியதெல்லாம் இங்கே வந்தது. கூட்டுக் குடும்பத்தில் பெரியவனுக்குச் சிறுத்த சட்டை சின்னவனுக்கு வருமே, அதே வழிதான். எல்-4 என்ற பைப்பர் கப்: 65 குதிரைத்திறன், புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். பிறகு ஸ்டின்சன் எல்-5, ஏரோன்கா எல்-16, பேர்ட் டாக், டி-34 மென்டர், அலாஸ்காவுக்கு பீவர். மென்டர் எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடிக் கூரை, போர் விமானச் சாயல். அதைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இறக்கை கீழே இருக்கிறதே, தரையை எப்படிப் பார்ப்பாய்?" என்னைக் கூட்டிப்போய் ஹேங்கரில் நின்ற செஸ்னா 182-இன் பின் இருக்கையில் உட்கார வைத்தார். இறக்கை தலைக்கு மேலே. கீழே பார்த்தால் சக்கரமும் தாங்கு கம்பியும் தவிர எல்லாம் தரைதான். விமானி ஓட்டுவார், அருகில் இருப்பவர் கவனிப்பார், பின்னால் இருப்பவர் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு தேடுவார். ஆயிரம் அடி உயரத்தில் கட்டம் கட்டமாகப் பறப்பார்கள். அந்த இருக்கையில் பத்து நிமிடம் இருந்ததில் மென்டர் அரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டது. இன்று இருக்கும் சுமார் 550 விமானங்களில் ஏறத்தாழ எல்லாமே ஏன் செஸ்னா என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. 2001 செப்டம்பர் 12 அன்று, நாட்டில் மற்ற சிறு விமானங்கள் எல்லாம் தரையில் கட்டிப்போடப்பட்டிருந்தபோது, உலக வர்த்தக மையம் இருந்த இடத்தை வானிலிருந்து படம் எடுத்ததும் இப்படி ஒரு செஸ்னாதான்.

ஆஸ்திரேலியாவில் செய்த ஏர்வேன் பற்றியும், கண்ணுக்குத் தெரியாத நிற வேறுபாட்டைப் பிரித்தறிய அதில் பொருத்திய கேமராவைப் பற்றியும் இரண்டு பக்கம் உண்டு. 2007-இல் நெவாடாவில், விமானத்தோடு காணாமல் போன சாகச விமானி ஸ்டீவ் ஃபாசெட்டைத் தேடியபோது அது கிளம்பியது. அவர் அகப்படவில்லை, வேறு பழைய விமானச் சிதைவுகள் அகப்பட்டன. மறு ஆண்டு மலையேறப் போன ஒருவர் கண்ணில் ஃபாசெட்டின் அடையாள அட்டை பட்ட பிறகுதான் விமானமே கிடைத்தது. இந்தப் பகுதியைச் சரிபார்த்தவர் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியை அம்மாவுக்கு வணக்கம். ஒரு பக்கத்தில் விமானம், மறு பக்கத்தில் வானூர்தி என்று நான் மனம்போல மாற்றி மாற்றி எழுதியிருந்ததைச் சிவப்பு மையில் சுழித்து, "ஒன்றில் ஏறு" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். விமானத்தில் ஏறினேன். வாலுக்கு அடியில் சிறு சக்கரம் வைத்த பழைய விமானங்களுக்கு "வால்சக்கர விமானம்" என்ற சொல்லும் அவர் கொடுத்தது. முதல் அச்சில் 16 பக்கங்கள் தலைகீழாக வந்தன. அச்சகத்தின் பெயர் எதற்கு? அந்தப் பிரதிகளில் விமானங்கள் எல்லாம் சாகசம் செய்கின்றன. வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எஞ்சின் இல்லாமல் மிதந்து பறக்கும் கிளைடர்களுக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்கினேன். சூப்பர் பிளானிக், ஷ்வைசர் இரண்டையும் பற்றி இன்னும் எழுத வேண்டும். அதில் பறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.

அம்மாவுக்கு மதுரைக்கு ஒரு பிரதி அனுப்பினேன். நேற்று போன் செய்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டாராம். காலணிப் பெட்டிக்காரருக்கு முறுக்கு சுட்டு அனுப்பவா என்று கேட்டார்.

அன்புடன்,
ஒரு கேடட்டின் அப்பா