பலகையா, ரோலர்பிளேடா?

சுங்கை சிப்புட்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. விடியற்காலையில் மாரியம்மன் கோயில் வரை தனியாகவே நடந்து போய் வருகிறார். நாம் விளையாடித் திரிந்த கித்தாக்காடு, அந்த ரப்பர்த் தோட்டம், செம்பனையாக மாறி வெகுகாலம் ஆயிற்று அல்லவா, இப்போது அந்தச் செம்பனைக்கும் வயதாகிவிட்டது என்று வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். மேட்டில் ஏறி நின்றால் டவுன் வரை தெரிகிறது.

சரி, உன் மருமகள், அதுதான் என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் ஜப்பானில், சப்போரோவில் உங்கள் வீட்டில் தங்கி, தெய்னே மலையில் ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பழகிவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. 1972 குளிர்கால ஒலிம்பிக்கில் பந்தயம் நடந்த மலை அது என்று நீ சொல்லி அனுப்பினாயாம், பள்ளியில் எல்லாரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த பனிக்காலம் வரை அவள் சும்மா இருக்க வேண்டாம், ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகை ஒன்று வாங்கிக் கொடு, என் பையன் அதில்தான் பழகினான் என்று நீ எழுதியிருந்தாய். நானும் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு, பூட்ஸின் அடியில் சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் ரோலர்பிளேடுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

உன் பையன் பனியில் ஓட்டுவது ஸ்னோபோர்டு. இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டியிருக்க, பக்கவாட்டில் நின்று தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு இறங்குகிறான். ஸ்கேட்போர்டிலும் அதே நிற்பு என்பதால் அவனுக்கு அது பொருந்திவிட்டது. இவள் ஓட்டுவது ஸ்கீ, காலுக்கு ஒரு நீளப் பட்டை. முகமும் நெஞ்சும் இறக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். கால்கள் தனித்தனி. இடப்பக்கம் திரும்ப வலக்காலை அழுத்த வேண்டும், வலப்பக்கம் திரும்ப இடக்காலை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே போவதுதான் அந்த விளையாட்டின் உயிர். ரோலர்பிளேடில் வளைந்து வளைந்து இறங்கும்போது கால்கள் செய்வதும் அதைத்தான். கணுக்காலும் முட்டியும் மடங்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு பூட்ஸின் நாக்கில் போய் அழுந்த வேண்டும். ஸ்கீ பூட்ஸிலும் அதே இடம், அதே அழுத்தம்.

அப்புறம் விளிம்பு. நம் அம்மாக்கள் பால்மரம் சீவுவதைப் பார்த்திருக்கிறாயே. கத்தி சரியான சாய்வில் இருந்தால் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் போகும், சாய்வு குறைந்தால் மேலோடு நழுவிவிடும். ஸ்கீயின் இரும்பு விளிம்பும் பனியில் அப்படித்தான். எவ்வளவு சாய்க்கலாம், எவ்வளவு பாரம் போடலாம் என்பதைக் கால் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ரோலர்பிளேடில் சக்கர வரிசையைச் சாய்த்துத் திரும்பும்போது அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிடும்.

ரோலர்பிளேடும் ஸ்கேட்போர்டும் பிறந்த விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓல்சன் சகோதரர்கள் ரோலர்பிளேடைக் கொண்டு வந்தது, பனிக்கட்டி இல்லாத மாதங்களிலும் ஐஸ் ஹாக்கி பழக வேண்டும் என்றுதான். ஸ்கேட்போர்டு 1950களில் கலிபோர்னியாவில், அலை இல்லாத நாளில் அலைச்சறுக்கு வீரர்கள் தெருவில் ஓட்டியதிலிருந்து வளர்ந்தது. பனிக்கட்டியில் ஐஸ் ஸ்கேட்டின் கத்தியில் ஓடுகிறவன் ஒன்றைக் கண்டுபிடித்தான், பலகையில் நிற்கிறவன் மற்றதை. ஐரோப்பாவில் ரோலர்பிளேடு போட்டுக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே இறங்கும் இன்லைன் ஆல்பைன் என்ற பந்தயமே நடக்கிறது.

ஸ்கேட்போர்டை நான் மட்டம் தட்டவில்லை. விழப் பயப்படாத மனசை அது கொடுக்கும், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அது போட்டியாகவும் சேர்ந்துவிட்டது. ஆனால் நம் தோட்டத்து ரோட்டை நினைத்துப் பார். லோரி போன வழியெல்லாம் செம்பனையின் உதிரிப்பழம் சிதறிக் கிடக்கும். நசுங்கிய பழத்தில் எண்ணெய் கசிந்து தார் மினுமினுக்கும். ஓரத்தில் செம்மண்ணும் பொடிக்கல்லும். ஸ்கேட்போர்டின் சக்கரம் பெரும்பாலும் 50 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், கெட்டியானதும்கூட. சுண்டுவிரல் நகமளவு கல் மாட்டினாலே பலகை அப்படியே நின்றுவிடும், மேலே இருப்பவள் மட்டும் முன்னால் பறப்பாள். ரோலர்பிளேடின் சக்கரம் 72, 80 மில்லிமீட்டர் என்று பெரிதாக இருப்பதால் சின்னக் கல்லில் ஏறி இறங்கிவிடும். எண்ணெய்க்கும் ஈரத்துக்கும் இரண்டுமே ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், லோரி ஓடாத நேரத்தில், ரோட்டைக் கூட்டிவிட்டுத்தான் விடப்போகிறேன். மதியத்துக்கு மேல் மழை வந்துவிட்டால் டேவான் மண்டபத்துச் சிமெண்டுத் தரை இருக்கிறது. தலைக்கவசம், மணிக்கட்டுக்கும் முட்டிக்கும் காப்பு, இதெல்லாம் இல்லாமல் வாசல் தாண்ட விடமாட்டேன். விழுகிறபோது கை தானாக ஊன்றும், முதலில் அடிபடுவது மணிக்கட்டுதான்.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது, அதற்கு உன் உதவி வேண்டும். நிறுத்துவது. பனியில் ஸ்கீயைக் குறுக்கே திருப்பிச் சறுக்கி நிற்கலாம், புதியவர்கள் முன்முனைகளைச் சேர்த்துப் பின்னால் அகட்டி வேகத்தைக் குறைப்பார்கள். தாரில் சக்கரம் அப்படிச் சுலபமாகப் பக்கவாட்டில் சறுக்காது. குதிகால் பிரேக்கை மட்டுமே நம்பிப் பழகினாலோ, பாரம் பின்காலுக்குப் போய்விடும். ஸ்கீயில் பின்னால் சாய்ந்தால் பிடி போய்விடும் என்று உனக்கே தெரியும். அதனால் வேகம் கூடும்போதெல்லாம் இன்னும் நீளமாக வளைந்து, மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏறித் தணித்துக்கொள்ளும்படி சொல்லிக் கொடுக்கப் போகிறேன். மேட்டு ரோட்டில் கோன்களை இடைவெளி விட்டு வைத்தால் அதற்குப் போதும். அங்கே வந்ததும் முதல் நாள் முழுக்க நிறுத்துவதை மட்டும் பழக்கும்படி அங்குள்ள ஸ்கீ ஆசிரியரிடம் நீ சொல்லிவிடு. சக்கரத்தில் ஓடி வந்தவள் வேகத்துக்கு அஞ்சமாட்டாள், அதுதான் எனக்குப் பயம்.

நம் மலேசியாவிலிருந்து 2018இல்தான் முதல்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனார்கள். 2022 பெய்ஜிங்கில் அருவின் சாலேஹுடின் என்ற பெண் ஸ்கீ பந்தயத்தில் இறங்கினாள். அந்தப் படத்தை இவள் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். அவ்வளவு தூரம் போவாளோ மாட்டாளோ, ஒரு பிள்ளை இப்படி ஆசையாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்போது நாம் கூட நிற்க வேண்டும் மச்சான்.

பூட்ஸ் விஷயம் ஒன்று. அங்கே அளவை சென்டிமீட்டரில்தான் கேட்பார்கள் என்றாயே, பாதத்தை அளந்து பார்த்தேன், இப்போது 23.5 இருக்கிறது. இன்னும் வளர்வாள், அதனால் வாங்க வேண்டாம், வாடகைக்கே எடுத்து வை. பையனுடைய பழைய முட்டிக்காப்பு கிடந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு. தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுடுகிறார், உங்களுக்கும் ஒரு டின் அனுப்புகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி