எல்க் மானும் சாக்கோட்டை முயலும்

கண்டனூர்,
17.2.2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் தைப்பூசத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. நம் ஊர்க் காவடிகள் குன்றக்குடியிலிருந்து புறப்பட்டு அதற்குள் பழனியை எட்டியிருந்தன. வளவில் நானும் ஆச்சியும் மட்டுமே இருந்ததால், முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். இந்த வயதில் நான் அமெரிக்காவில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குப் போனதாகக் கேள்விப்பட்டு, உண்மையா என்று கேட்டிருக்கிறாய். யார் சொன்னார்களோ தெரியவில்லை, செய்தி பாதிதான் சரி. துப்பாக்கியை நான் கையால்கூடத் தொடவில்லை. மான் விழுந்த பிறகுதான் என் வேலை தொடங்கியது. அதைத்தான் உனக்கு விரிவாக எழுத நினைத்தேன்.

என் மகன் கொலராடோ மாநிலத்தில் இருப்பது உனக்குத் தெரியும். சென்ற புரட்டாசிக் கடைசியில், இங்கே காரைக்குடி மகர்நோன்புப் பொட்டலில் விஜயதசமிக்கு அம்பு போட்ட அதே வாரத்தில், அங்கே துப்பாக்கி வேட்டையின் முதல் பருவம் திறந்தது. செப்டம்பர் மாதம் வில்லுக்கு. அதன் பிறகு அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை துப்பாக்கிக்கு நான்கு தவணைகள். எந்தத் தவணையில், எந்தப் பகுதியில், ஆணா பெண்ணா என்பது வரை அனுமதிச் சீட்டில் அச்சாகியிருக்கும். 1949 ஜனவரி 1 முதல் பிறந்தவர் எவரும் பாதுகாப்புப் பயிற்சியில் தேறாமல் அந்தச் சீட்டை வாங்க முடியாது. நீயும் நானும் அந்தக் கணக்கில் தப்பமாட்டோம். மகனுடைய அலுவலக நண்பர் ஒருவருக்குக் குலுக்கலில் பெண் எல்க் மானுக்கான சீட்டு விழுந்திருந்தது. அவருக்கு உதவியாக மகன் போனான், மகனுக்குத் துணையாக நான் போனேன். "அப்பச்சி, நீங்கள் கூடாரத்தில் இருந்து காபி போட்டால் போதும்" என்று சொல்லித்தான் அழைத்துப் போனான்.

எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரிய இனம். பெண் மானே இருநூற்றிருபது கிலோவுக்கு மேல் வரும். ஆண் முந்நூறைத் தாண்டும். நாங்கள் கூடாரம் அடித்த இடம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு அடி உயரம், அதாவது தொட்டபெட்டாச் சிகரத்தைவிட எண்ணூறு அடிக்கு மேல். முதல் நாள் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கி வைத்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. உடம்பின் மேற்பகுதியில் ஐந்நூறு சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளீரென்ற ஆரஞ்சு நிறமோ இளஞ்சிவப்போ தெரிய வேண்டும், தலையிலும் அதே நிறம் வேண்டும் என்பது வேட்டைக்காரருக்கு அங்கே சட்டம். வேட்டையாடாத என்னையும் மகன் அந்தச் சட்டையையும் தொப்பியையும் போட வைத்தான். மனிதக் கண்ணைக் குத்தும் அந்த நிறம் மானின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதில்லையாம். கண்ணாடியில் பார்த்தபோது நகராட்சித் துப்புரவுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவன்போல இருந்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நண்பர் நல்ல குறிகாரர்தான். ஆனால் அன்று அவர் செய்தது தவறு என்பதை அவரே இரவில் மூன்று முறை ஒப்புக்கொண்டார். மலை முகட்டில் நின்றுகொண்டு கீழே ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் மேய்ந்த மானைச் சுட்டிருக்கிறார். அது நூறடி ஓடி, அடர்ந்த தேவதாரு மரங்களுக்குள் பள்ளத்தின் அடியில் போய் விழுந்துவிட்டது. அங்கிருந்து முகட்டுக்கு ஏற்றம் ஆயிரம் அடி. முகட்டிலிருந்து வண்டி நின்ற இடத்துக்கு நான்கு கிலோமீட்டர். சுடுவதற்கு முன்னால் அதை எப்படி வெளியே கொண்டு வருவோம் என்று யோசிக்க வேண்டும் என்பதுதான் அங்கே அனுபவசாலிகள் முதலில் சொல்லித் தருவதாம். கோவேறு கழுதை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. எங்களிடம் இருந்தவை ஆறு கால்கள், அவற்றில் இரண்டு எழுபத்து மூன்று வயதானவை.

நாங்கள் இறங்கிச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். முதலில் அனுமதிச் சீட்டில் தேதியை எழுதிக் கையெழுத்திட்டார் நண்பர். வயிற்றைக் கிழிக்கவே இல்லை. மானை ஒருக்களித்துக் கிடத்தி, முதுகு ஓரமாகத் தோலைக் கீறி விலக்கி, மூட்டே இல்லாமல் சதையால் மட்டும் ஒட்டியிருக்கும் முன்னங்கால் சப்பையை அறுத்து எடுத்தார், பின்தொடையை இடுப்பு மூட்டில் கழற்றினார், முதுகுக்கறியை நீளமாக உரித்தார், கழுத்துக்கறியை வழித்தார். பிறகு மூவருமாகப் புரட்டிப் போட்டு மறுபக்கமும் அப்படியே. இடுப்புக்குள்ளே முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதையை மட்டும் கடைசியாகக் கையை விட்டு எடுத்தார். பெண் மான்தான் என்று சோதனையில் காட்டுவதற்கு, மடியின் ஒரு துண்டைத் தொடையோடு ஒட்டியபடியே விட்டுவைத்தார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே தண்ணீர் உறையும் குளிர்; அறுத்த தொடையிலிருந்து இட்லிப் பானையைத் திறந்ததுபோல ஆவி கிளம்பியது. என் கை விறைத்திருந்ததால் அந்தச் சதையின்மீது உள்ளங்கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டேன். அப்போதுதான் அது சற்று முன்புவரை உயிரோடு இருந்தது என்பது மூளைக்கு அல்ல, கைக்குப் புரிந்தது.

அந்தச் சூடுதான் கறிக்குப் பகையாம். அத்தனை கனத்த தொடையில் தோலும் எலும்பும் சூட்டை அடைகாத்து, எலும்பை ஒட்டிய பகுதி உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். அதனால் தோலை உடனே உரித்து, காற்றுப் புகும் பருத்திப் பையில் போட்டு, நிழலில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. பைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. மகன் கூடாரத்திலிருந்து எதற்கோ கொண்டு வந்திருந்த தலையணை உறையில் கழுத்துக்கறியைக் கட்டினோம். மருமகளிடம் இதுவரை அதைச் சொல்லவில்லை.

சுமை தூக்கியதைச் சொல்கிறேன். அவர்கள் இருவர் முதுகிலும் அலுமினியச் சட்டம் கட்டிய பை. ஒவ்வொன்றிலும் ஒரு பின்தொடை, இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. எலும்பை நீக்கிவிட்டால் கனம் குறையும் என்று மகன் சொன்னான். எலும்பில்லாத கறி பைக்குள் கொழகொழவென்று சரிந்து முதுகை ஒரு பக்கமாக இழுக்கும், எலும்போடு இருந்தால் கட்டிய இடத்தில் நிற்கும் என்றார் நண்பர். இருவர் சொன்னதும் சரிதான் என்று ஏறும்போது தெரிந்தது. என்னிடம் முதுகுக்கறியும் அந்த மெல்லிய சதையுமாக எட்டுக் கிலோ கொடுத்தார்கள். கரடி வாசம் பிடித்து வரக்கூடும் என்பதால், மீதியைக் கிடந்த இடத்திலிருந்து தள்ளி ஒரு மரக்கிளையில் உயரக் கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

எட்டுக் கிலோ என்றால் உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அது முப்பதாவது அடியிலேயே எண்பதாகிவிட்டது. என்னைக் கரையேற்றியது, நாற்பது வருடத்துக்கு முன் ஒரே ஒரு முறை நான் பழனிக்குக் காவடி எடுத்த அனுபவம். சுமையோடு உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் எழ முடியாது. நின்றபடியே கம்பை ஊன்றி மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னே போகிறவரின் முதுகைப் பார்க்காமல் நம் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும் என்று அப்போது ஐயா சொல்லித் தந்ததை அப்படியே செய்தேன். கண்ணப்ப நாயனாராகும் முன் திண்ணனார் பன்றியை வீழ்த்தியதை நாம் எல்லாரும் அறிவோம். அதைப் பொன்முகலிக் கரைக்குக் கொண்டு வரச் சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார். தூக்கியவர்கள் நாணனும் காடனும்தானே. அவர்கள் தோள் எப்படி வலித்திருக்கும் என்று எனக்கு இத்தனை காலமும் தோன்றியதே இல்லை. இரவு பதினொன்றரைக்கு வண்டியை அடைந்தோம்.

மறுநாள் விடியற்காலை அவர்கள் இருவரும் திரும்பப் போய், முன்னங்கால் இரண்டையும் மீதிக் கறியையும் கொண்டு வந்தார்கள். கூடவே தலையும் வந்தது. கொம்பில்லாத பெண் மானின் தலையை எதற்குச் சுமக்கிறார் என்று கேட்டேன். அங்கே மான்களுக்கு மூளையை அரித்து மெலிய வைக்கும் ஒரு நோய் இருக்கிறது. 1967-இல் அதே மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் ஊரில், அடைத்து வளர்த்த மான்களிடம்தான் முதலில் கண்டார்கள். மனிதனுக்குத் தொற்றியதாக இதுவரை சான்றில்லை. ஆனாலும் நோயுள்ள மானின் கறியை உண்ண வேண்டாம் என்பது அறிவுரை. அடுப்பில் கொதிக்க வைத்தாலும் அந்த நோய்ப்பொருள் அழியாது. தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைக் குளிர்பெட்டியில் பூட்டி வைத்தோம். நல்ல முடிவே வந்தது.

வேட்டைக் கறியை அங்கே விற்பது குற்றம், கொடுக்கலாம். உண்ணத்தக்க கறியைக் காட்டில் அழுகவிட்டுக் கொம்பையோ தோலையோ மட்டும் எடுத்து வருவதும் குற்றம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரியை 1937-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே கொடுக்கிறார்கள் என்றும் மகன் சொன்னான். இதையெல்லாம் கேட்டு அந்த ஊர் வேட்டையை மெச்சுகிறேன் என்று நினைக்காதே. இவ்வளவு கறிக்கு அங்கே கடையில் கொடுக்கும் விலையைவிட இந்த மானுக்கு ஆன செலவு அதிகமாகத்தான் இருக்கும். நண்பர் எங்களுக்கு ஒரு முன்னங்காலைக் கொடுத்தார். துளிக் கொழுப்பில்லாத கறி. முதல் முறை வறுத்தபோது தோல் செருப்பாகிவிட்டது. இரண்டாம் முறை நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, கல்பாசியும் சோம்பும் தாளித்து, சின்ன வெங்காயத்தோடு மூடிப்போட்டு மெதுவாக வேக வைத்தேன். பேரப்பிள்ளைகள் சட்டியை வழித்தார்கள். ஆயா போடும் உப்புக்கண்டத்தைப்போல மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்தும் பார்த்தேன். அங்கே அந்த மாதத்து வெயில் நம் வெயில் அல்ல. கடைசியில் அடுப்பிலேயே உலர்த்த வேண்டியதாயிற்று.

இங்கே இன்னும் ஒன்பது நாளில் சிவராத்திரி. அந்த நாளில் முயலுக்குக் கிளம்புகிறவர்களை வனத்துறையினர் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1972-ஆம் வருடக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து ஐம்பது வருடம் ஆன பிறகும் சில ஊர்களில் பழக்கம் விடவில்லை. மறுபக்கம் பார்த்தால், பெயரிலேயே வேட்டத்தை வைத்துக்கொண்டிருக்கும் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போய் வந்தேன்; கண்மாய் மரங்களில் நாரைகள் அப்பிக் கிடந்தன.

சட்டம் வருவதற்கு முன் நாம் இருவரும் செய்த வேட்டை ஒன்று உனக்கு நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வயது இருக்கும். சாக்கோட்டைக் கண்மாய்க்கு மேற்கே, உன் சித்தப்பாவின் நாய் விரட்டிய முயலை நீ கம்பால் அடித்தாய். இரண்டு கிலோகூட இருக்காது. அப்பச்சிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று நானும், அடித்தவன் நான், தூக்குகிறவன் நீ என்று நீயும் வழியெல்லாம் சண்டை போட்டோம். கடைசியில் அந்த ஒற்றைப் பனையின் காய்ந்த மட்டைகளுக்குள் செருகி வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினோம். அந்தப் பள்ளத்தில் ஏறும்போது, இடையில் ஒரு முறை கம்பை ஊன்றி நின்றபோது, எனக்கு அந்த மட்டைதான் கண் முன் வந்தது.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தேன், முயல் இல்லை. நரியோ நாயோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்று மாலை உன் சட்டைப் பின்புறத்தில் ஒரு கறை இருந்தது. இத்தனை வருடம் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். நீதான் இரவோடு இரவாகப் போய்த் தூக்கி வந்தாயா? அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி