எழுதி வாங்கி அனுப்பாதீர்கள்: அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் உள்ள உங்கள் நிலையங்களில் அன்றாடம் எழுதப்படும் ஒரு தாளைப் பற்றியது இந்த மடல். அது முதல் தகவல் அறிக்கை அல்ல, மனு ரசீதும் அல்ல. வெறும் வெள்ளைத் தாள். "இனிமேல் என் மனைவியை அடிக்கவோ திட்டவோ மாட்டேன், நல்லபடியாக வைத்துக் குடும்பம் நடத்துவேன் என்று உறுதி கூறுகிறேன்" என்று கணவன் எழுதிக் கையெழுத்துப் போடுவான். "நான் கொடுத்த மனுவின் மீது மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை" என்று மனைவி எழுதுவாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். ரைட்டர் அதைக் கோப்பில் சேர்ப்பார். "எழுதி வாங்கிவிட்டோம், அழைத்துப் போங்கள்" என்று சொல்லி அனுப்புவீர்கள்.

அப்படி அழைத்துப் போகப்பட்ட ஒரு பெண்ணின் அக்கா நான். எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. தங்கையைக் கொடுத்தது கொங்குப் பக்கம், பஸ்ஸில் ஏழு மணி நேரத் தொலைவு. எந்த நிலையம், எந்த ஆய்வாளர் என்று இங்கே எழுதப் போவதில்லை. பிறகு பேசிப் பார்த்த மற்ற குடும்பங்களுக்கும் வேறு வேறு ஊர்களில் இதே தாள்தான் கிடைத்திருக்கிறது.

அந்தத் தாளை மீறினால் என்ன தண்டனை? ஒன்றும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் தங்கையின் கணவர் அதை எங்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். அடுத்த முறை கை ஓங்கியபோது, "போ, போய் இன்னொன்று எழுதி வாங்கு" என்றாராம்.

இதே உறுதிமொழி நீதித்துறை நடுவரின் ஆணையாக வந்தால் கதை வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-வது பிரிவின்படி, அடிக்கக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது, போனில் தொந்தரவு செய்யக் கூடாது என்றெல்லாம் நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த மீறல், பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம். இரண்டுமே தாள்தான். ஒன்றை மீறியவரை நீங்களே கைது செய்யலாம். மற்றதை மீறியவரிடம் மறுபடியும் எழுதித்தான் வாங்க முடியும்.

எழுதி வாங்கி அனுப்பிய பிறகு ஒரு குடும்பம் எப்படி நாளைக் கழிக்கிறது என்பது உங்கள் கோப்பில் இருக்காது. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா தினமும் விளக்கு வைத்த பிறகு தங்கைக்குப் போன் செய்வார். "சாப்பிட்டாயா, பிள்ளை என்ன செய்கிறான்" என்பதற்கு மேல் எதையும் கேட்க முடியாது. அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள். அதனால் அம்மா குரலைத்தான் கேட்பார். மூக்கு அடைத்திருக்கிறதா, பதில் வரத் தாமதமாகிறதா, பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றதா. போனை வைத்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் அதை அலசுவார். கடைசியில் நானும் தங்கையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நிலைமை கைமீறினால் "செவலைப் பசு கன்று போட்டுவிட்டதா?" என்று அவள் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. ஒரு மாலை அவள் அதைக் கேட்டாள். அப்பா இரவு பஸ் ஏறினார்.

அதற்கு முன்பு அப்பா பணத்தால் அடியைத் தள்ளிப்போடப் பார்த்தார். ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பொங்கல் வரிசை எல்லாமே ஆண்டுக்கு ஆண்டு கனத்தன. மாப்பிள்ளையின் பைக் தவணை எங்கள் வீட்டுக் கணக்கில் அடைபட்டது. அம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் பிறகு சில வாரங்கள் வீடு அமைதியாக இருக்கும். பிறகு அமைதியின் விலை ஏறும்.

தங்கை பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்த பிறகு வேறு மாதிரி. "வாழாவெட்டி" என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ரேஷன் கடையிலும் கோயிலிலும் "ஊருக்கு எப்போது கிளம்புகிறாய்?" என்று கேட்பார்கள். அப்பா டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். தம்பிக்குப் பெண் பார்க்கும் விஷயமாகத் தரகர் வரும் நாட்களில், தங்கையும் பிள்ளையும் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். யாரும் வரச் சொல்வதில்லை, அவளாகவே வந்துவிடுவாள். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதுதான் எளிதாக முடிந்தது. மாற்றுச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் தலைமை ஆசிரியர் அன்றே சேர்த்துக்கொண்டார். அது தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது என்றார். தன் வேலைக்குரிய சட்டத்தைத் தெரிந்து வைத்திருந்த ஓர் அரசு ஊழியரைச் சந்தித்தது எங்களுக்கு அன்று அதிசயமாக இருந்தது. உங்களைக் குத்திக்காட்டத்தான் இதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். இந்திய சராசரி 29. நாடு முழுவதும் வன்முறைக்கு ஆளானவர்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானவர்கள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். அவர்களும் பெரும்பாலும் பிறந்த வீட்டிடம்தான் கேட்டிருக்கிறார்கள். காவல் நிலையம் வரை வந்தவர்கள் மிகச் சொற்பம். அப்படியானால் உங்கள் பெஞ்சில் தாயும் தகப்பனும் இருபுறம் இருக்க, நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண் யார்? முதல் அடியோடு ஓடி வந்தவள் அல்ல. மறைத்து, சகித்து, பிறந்த வீட்டில் சொல்லி, பெரியவர்கள் பேசி, சீர் கொடுத்து, எல்லாம் தீர்ந்து போய் வந்தவள். சமாதானம் என்பது அவர்கள் ஏற்கெனவே செய்து தோற்ற வேலை. அதையே நீங்களும் சீருடை போட்டுக்கொண்டு மறுபடி செய்கிறீர்கள்.

செய்யும் விதமும் அப்படித்தான். இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்து, முதலில் அவளிடம் "நீ என்னம்மா செய்தாய்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பிறகு அவரிடம் "ஏன்யா அடித்தாய்?" என்று ஓர் அதட்டல். அவர் காரணம் சொல்வார். போனை வைத்துக்கொண்டே இருக்கிறாள், அம்மாவை எதிர்த்துப் பேசினாள், சோறு ஆறிப்போயிருந்தது. என் தங்கை விஷயத்தில் சோறுதான். அதைக் கேட்ட பிறகு, நேரத்துக்குச் சமைக்கும்படி அவளுக்கும் அறிவுரை கிடைத்தது. சட்டத்திலும் கவுன்சலிங்குக்கு இடம் உண்டு. ஆனால் அது நடுவர் உத்தரவிட்ட பிறகு, அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆலோசகர் முன்னிலையில் நடக்க வேண்டியது. அங்கே அடித்ததற்கு நியாயம் கற்பித்துப் பேசக் கணவருக்கு அனுமதி கிடையாது என்று 2006-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சோற்றுக் கதையை அங்கே எடுக்கவே முடியாது.

"கேஸ் வேண்டாம் மேடம், கூப்பிட்டுக் கண்டித்தால் போதும் என்று பெண்களே சொல்கிறார்களே, நாங்கள் என்ன செய்வது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் தங்கையும் அப்படித்தான் சொன்னாள். பிள்ளையின் அப்பா ஜெயிலுக்குப் போவதை அவள் விரும்பவில்லை. அவள் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்: கணவன் வீட்டுக் கொடுமைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவில் வழக்கு, இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிப் போவது. மூன்றாவதாக ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அவளைப் போன்றவர்களுக்காகவே வந்தது. யாரையும் சிறைக்கு அனுப்பாமலே அடியை நிறுத்த ஆணை கேட்கலாம். வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தெளிவாக்கிவிட்டது. செலவுக்குப் பணம், பிள்ளையின் பொறுப்பு, போட்டு அனுப்பிய நகை என எல்லாவற்றுக்கும் அதே நடுவரிடம் மனுப் போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் நடக்க வேண்டும், 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக இழுப்பது வேறு கதை. அது நீதிமன்றங்களுக்கு எழுத வேண்டிய மடல்.

இந்த உரிமைகளையும், பெண்ணுக்கு உதவவென்றே அச்சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் இருப்பதையும், இலவசச் சட்ட உதவி கிடைக்கும் என்பதையும் புகார் கொண்டுவந்த பெண்ணுக்கு எடுத்துச் சொல்வது காவல் அதிகாரியின் கடமை என்று அச்சட்டத்தின் 5-வது பிரிவு கூறுகிறது. சொன்னால் நல்லது என்றல்ல, சொல்லியே ஆக வேண்டும் என்று. என் தங்கைக்கு அதைச் சொன்னவர் எங்கள் தெரு அங்கன்வாடிப் பணியாளர். அவரே மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு வழி காட்டினார். பாதுகாப்பு அலுவலர் நடந்தவற்றைக் கேட்டு அறிக்கை தயாரித்தார். இடைக்கால ஆணை வந்து, அதன் நகல் கணவர் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போன பிறகு, இரவு நேர மிரட்டல் போன்கள் நின்றன.

அதற்கு முன் எங்கள் ஊர்ப் பக்கத்து நிலையத்துக்குப் போனோம். "சம்பவம் அங்கே நடந்தது, புகாரையும் அங்கேதான் கொடுக்க வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அடித்தவன் ஊருக்கே திரும்பிப் போய்ப் புகார் கொடு என்றால் எந்தப் பெண் போவாள்? கணவன் வீட்டுக் கொடுமை தாங்காமல் தஞ்சம் புகுந்த ஊரிலேயே 498-ஏ வழக்குத் தொடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது.

இன்னொன்றையும் மனதில் வைத்துப் பாருங்கள். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்குரிய விதத்தில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடத்துகிறார். செய்தித்தாளின் மூலையில் "ஆர்.டி.ஓ. விசாரணை நடைபெற்று வருகிறது" என்று ஒரு வரி வரும். அந்த விசாரணையில் பெற்றவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, "உங்கள் மகள் முன்பே ஏதாவது சொன்னாளா?" என்பது. சொன்னாள், காவல் நிலையத்துக்கும் போனோம், எழுதி வாங்கினார்கள் என்று பதில் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். அன்றைக்கு உங்கள் கோப்பில் இருக்கும் அந்தத் தாள் யாரைக் காப்பாற்றும்?

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் வந்த பிறகே, காவல் நிலையப் படியேறுவதை நினைத்துக்கூடப் பார்க்காத பெண்கள் உள்ளே வந்தார்கள். எங்கள் அம்மாவும் "பெண் போலீஸ்தானே" என்ற ஒரே தைரியத்தில் வந்தவர். குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளும் உங்கள் தலையில்தான். தேர்த் திருவிழா என்றாலும் கட்சி மாநாடு என்றாலும் பந்தோபஸ்துக்கு உங்களில் பாதிப் பேர் போய்விடுகிறீர்கள். எழுதி வாங்கி அனுப்பினால் ஒரு மனு முடிந்த கணக்கு. அந்தக் கணக்கை மேலே கேட்கிறவர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேர வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் பெஞ்சில் இருக்கும்போதே பாதுகாப்பு அலுவலரைப் போனில் கூப்பிட்டு அவளிடம் கொடுங்கள். அவருடைய பெயரையும் எண்ணையும், 181 என்ற உதவி எண்ணையும் அந்தப் பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் தனியாகக் கேளுங்கள். பிறந்த வீட்டார் நகைப் பட்டியல் கொண்டுவந்தால், "இது சிவில் விவகாரம்" என்று தள்ளாமல் மனுவோடு சேருங்கள். மனு ரசீது இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

கூடவே ஒன்று. சென்ற ஆண்டு சேர்த்து வைத்து அனுப்பிய பெண்களை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொல்ல வேண்டாம். கணவர் பக்கத்திலேயே இருக்கக்கூடும், ஸ்பீக்கரில் போட்டிருக்கவும் கூடும். பள்ளியிலிருந்தோ ரேஷன் கடையிலிருந்தோ அழைப்பதுபோல் தொடங்கி, ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அன்றே ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா